சப்பாத்து லேஸ் நடுவர்

"நீ என்ரை தங்கச்சியோ, இல்லையோ?"

"தங்கச்சிதான். அதுக்காக..."

"அப்ப மிளகுக்குத்தான் ஃபர்ஸ்ட் குடுக்கோணும்!"

"நான் இன்னும் ஒரு நாயையும் பாக்கேல்லை அண்ணா, அதுக்குள்ளை..."

"மிளகை ஒவ்வொரு நாளும் பாக்கிறாய்தானே? உன்ரை கட்டில்லை ஏறிப் படுக்கிறான். உன்ரை சொக்ஸைச் சப்பித் தின்னுறான். இன்னும் என்ன பாக்கோணும்?"

"சொக்ஸ் தின்னுறதுக்கு ஃபர்ஸ்ட் குடுக்கிறேல்லை!"

றொய்சனுக்குப் பதின்மூன்று வயது. ஸ்டெபனிக்குப் பத்து. இவ்வளவு சத்தமாக அவர்கள் வழக்கமாக வெக்ஸ்போர்ட்டில் உள்ள வீட்டில்தான் சண்டை போடுவார்கள். இன்றைக்கோ நகரத்தைத் தாண்டி, றிச்மண்ட் ஹில்லுக்கும் வடக்கே, ஒரு பண்ணையின் பெரிய புல்வெளியில் நின்று சண்டை போட்டார்கள். சுற்றிவர நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தபடியால் யாருக்கும் இவர்களின் சத்தம் பெரிதாகத் தெரியவில்லை.

அன்று அங்கே வேலைக்கார டெரியர்களுக்கான போட்டி.

டெரியர் சின்ன நாய். ஆனால் மடியில் தூங்குகிற நாய் அல்ல. எலியும், கொழுத்த அணில் மாதிரியான கிரவுண்ட்ஹொக்கும் மண்ணுக்குள் வளை தோண்டி ஒளித்தால், அந்த வளைக்குள்ளேயே புகுந்து போய்த் துரத்துகிற நாய். அதனால் இந்தப் போட்டியில் சடைமயிர் மினுங்குகிறதா, வால் அழகா என்று பார்ப்பதில்லை. வளைக்குள் போய் வேலை செய்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வரக்கூடிய உடம்பா என்றுதான் பார்ப்பார்கள்.

மிளகும் ஒரு டெரியர்தான். உடம்பு முழுக்க வெள்ளை. மூக்கின் மேல் மட்டும் மிளகுத் தூள் கொட்டினாற்போல் கறுப்புப் புள்ளிகள். பனிக்காலம் முழுக்க றொய்சன் அவனைக் கராஜுக்குள் வைத்துப் பழக்கினான். நிற்கப் பழக்கினான், நடக்கப் பழக்கினான், மற்ற நாய் குரைத்தால் பேசாமல் இருக்கப் பழக்கினான். முதற்பரிசுக்குச் சிவப்புத் துணிப்பூ தருவார்கள். "திங்கட்கிழமை அதைக் கொண்டு வாறன், பாருங்கோ!" என்று வகுப்பு முழுக்கச் சொல்லியும் விட்டான்.

இன்று காலைதான் அவன் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பெரியவர்களின் போட்டிகளுக்கு மிஸிஸ் கிரெய்க் நடுவர். சிறுவர் போட்டிக்கு மட்டும் ஒரு பிள்ளைதான் நடுவர். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களின் பெயர்களை ஒரு தொப்பிக்குள் போட்டுக் குலுக்கினார்கள்.

வந்த பெயர் ஸ்டெபனி.

"கடவுளே எனக்காக எடுத்த பேர்!" என்று துள்ளிய றொய்சன், தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததும் துள்ளலை நிறுத்தினான். அங்கேதான் சண்டை தொடங்கியது.

"சரி, ஃபர்ஸ்ட் தரமாட்டாய். அப்ப என்னதான் தருவாய்?"

"பாத்திட்டுச் சொல்லுறன்."

"நீ ஒரு பெரிய ஆள்!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ," என்றார் அப்பா அன்புராசா. "அங்கை பாருங்கோ, பெரியாக்களின்ரை போட்டி நடக்குது. பாத்துப் பழகுங்கோ."

மூவரும் கயிற்று வேலியோரம் போய் நின்றார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். போட்டி விதிகளை அப்பா தன் போனில்தான் வாசித்தார். பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை முடிந்து, பஸ்ஸில் வரும்போது வாசித்தார். அதில், 'நடுவர் ஒவ்வொரு நாயையும் ஸ்பான் செய்வார்' என்று இருந்தது.

"ஸ்பான் எண்டால் சாண்," என்று அப்பா அன்றிரவே விளக்கினார். "எங்கட ஆக்கள் துணி அளக்கிற மாதிரி. நீட்டு எவ்வளவு எண்டு பாக்கினம் போல."

அதிலிருந்து தினமும் சாப்பாடு முடிந்ததும் மிளகின் முதுகில் அப்பா சாண் போடுவார். "மூண்டு சாண்! அசையாமல் நிக்கிறான் பார், ராசா!" மிளகும் முதுகில் கை பட்டவுடன் சிலை மாதிரி நிற்கப் பழகிவிட்டான்.

இப்போது மைதானத்தில் மிஸிஸ் கிரெய்க் குனிந்தார். நாயின் முன்னங்கால்களுக்குப் பின்னால், நெஞ்சைச் சுற்றி இரண்டு கைகளையும் வளையம் போலப் போட்டார். மேலே பெருவிரல்கள் முட்டின. கீழே மற்ற விரல்கள் முட்டின. தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாயிடம் போனார்.

"அப்பா," என்றாள் ஸ்டெபனி. "அவ சாண் போடேல்லை."

"உது வேறை ஏதோ டெஸ்ட்."

"உதுதான் அப்பா ஸ்பான். ஜட்ஜுக்கெண்டு காலமை தந்த பேப்பரிலை படத்தோடை கிடக்கு. ரெண்டு கைக்குள்ளையும் நெஞ்சு அடங்குதோ எண்டு பாக்கிறா. அடங்காட்டி வளைக்குள்ளை போகேலாது. இறுகிப்போடும்."

அப்பா தன் வலது கையை ஒரு முறை பார்த்தார். பிறகு அதை மெதுவாகக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் ஒளித்தார்.

"சாணோ அப்பா?" றொய்சனின் குரல் கீச்சிட்டது. "அஞ்சு மாசம்! சாணோ?"

"அகராதியிலை அப்பிடித்தான் ராசா கிடக்கு."

பக்கத்தில் நின்ற அலெக்ஸாண்டர் அங்கிள் சிரித்தார். அவரும் வெக்ஸ்போர்ட் ஆள்தான். அவருடைய மகன் மரியோவும் 'ரொக்கெற்' என்ற தன் நாயோடு சிறுவர் போட்டிக்கு வந்திருந்தான்.

"நீங்கள் ஏன் அன்பு அண்ணை கவலைப்படுறியள்? தங்கச்சி ஜட்ஜ், அண்ணன் போட்டியிலை. ரிசல்ட் இப்பவே தெரியும். நாங்கள் சும்மா பெற்றோலைச் செலவழிச்சு வந்ததுதான் மிச்சம்."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் பாதிதான் பகிடி. ஸ்டெபனியின் காது சுட்டது. அவள் நேரே மிஸிஸ் கிரெய்க்கிடம் போனாள்.

"போட்டியில் என் அண்ணனும் இருக்கிறான்."

மிஸிஸ் கிரெய்க் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இங்கே வருகிறவர்கள் எல்லோரும் யாருக்காவது சொந்தம்தான். உனக்குப் பயமாக இருந்தால் சொல். தொப்பியில் இன்னும் பெயர்கள் இருக்கின்றன."

ஸ்டெபனி யோசித்தாள். விட்டுவிடலாம். விட்டால் அண்ணாவோடு சண்டை இல்லை. அங்கிளின் பகிடியும் இல்லை. ஆனால் எல்லா நாயையும் ஒழுங்காகப் பார்க்க அவளுக்குத் தெரியும். செய்யவும் ஆசை. பிறகு எதற்காக விடவேண்டும்?

"நானே செய்கிறேன். ஆனால் அவன் என் அண்ணன் என்று ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். எல்லாருக்கும் தெரியட்டும்."

"எல்லாருக்குமா?"

"ஓம்... யெஸ். எல்லாருக்கும்."

சொன்னார்கள். புல்வெளியில் 'ஓ' என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

சிறுவர் போட்டிக்கு ஐந்து நாய்கள் வந்தன. ஒன்று ஊளையிட்டுக்கொண்டே வந்தது. ஒன்று வந்த உடனேயே புல்லில் மல்லாக்கப் படுத்தது. மூன்றாவது மரியோவின் ரொக்கெற், நல்ல வாட்டசாட்டமான நாய். நாலாவது மிளகு. ஐந்தாவதைக் கொண்டு வந்தவள் ஹானா என்ற பண்ணைச் சிறுமி. அவளுடைய 'டஸ்ற்றி' மண்நிறத்தில் இருந்தது. ஒரு காது கிழிந்து, இரண்டு துண்டாகத் தொங்கியது.

"உதையும் கொண்டு வந்திருக்கினம் பார்," என்று யாரோ சொன்னது ஸ்டெபனிக்குக் கேட்டது.

அவள் ஒவ்வொரு நாயின் பல்லையும் பார்த்தாள். காலைத் தூக்கிப் பாதத்தைப் பார்த்தாள். பிறகு ஊளையிடும் நாயின் நெஞ்சைச் சுற்றிக் கைகளைப் போட்டாள்.

விரல்கள் முட்டவில்லை.

அடுத்த நாய். முட்டவில்லை. இன்னும் எட்டிப் பிடித்தாள். ம்ஹும்.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். பத்து வயதுப் பிள்ளையின் கைகள்! அவற்றுக்குள் பூனைக்குட்டிதான் அடங்கும்.

"அப்ப எல்லா நாயும் ஃபெயில்!" என்று மரியோ கத்தினான்.

"ஜட்ஜுக்குக் கை வளரட்டும், அடுத்த வருசம் வாறம்," என்றார் அலெக்ஸாண்டர் அங்கிள்.

ஸ்டெபனி புல்லில் உட்கார்ந்தாள். அழப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ தன் இடது சப்பாத்தின் லேஸைக் கழற்றினாள். முழுதாக உருவி எடுத்துக்கொண்டு மிஸிஸ் கிரெய்க்கிடம் ஓடினாள்.

"நீங்கள் நாயைப் பிடிக்கிற மாதிரி கையை வளையமாக வையுங்கள்."

அவர் வைத்தார். ஸ்டெபனி அந்த வளையத்தின் உள்பக்கமாக லேஸைச் சுற்றினாள். லேஸின் நுனி வந்து தொட்ட இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"இனி இதுதான் உங்கள் கை. நுனி முடிச்சைத் தொட்டால் அடங்குது. தொடாவிட்டால் இல்லை. எல்லா நாய்க்கும் இதே லேஸ்தான்."

மிஸிஸ் கிரெய்க் தன் கைகளை ஒரு முறை பார்த்துவிட்டு, "போ," என்று மட்டும் தலையசைத்தார்.

இடது சப்பாத்து 'டப் டப்' என்று அடிக்க, நடுவர் மைதானத்துக்குள் திரும்பி வந்தார்.

ஊளையிடும் நாய்க்கு லேஸின் நுனி முடிச்சைத் தொட்டது. மல்லாக்கப் படுத்த நாய்க்கு மூன்று விரல் இடைவெளி. "கனக்கச் சாப்பிடுகிறாய்," என்றாள் ஸ்டெபனி அதனிடம். ரொக்கெற்றுக்கு இரண்டு விரல் இடைவெளி. டஸ்ற்றிக்கு முடிச்சைத் தாண்டியும் லேஸ் மிஞ்சியது.

கடைசிக்கு விட்டிருந்தது மிளகை.

முதுகில் கை வைத்தால் சிலை. ஆனால் நெஞ்சைச் சுற்றி லேஸ் போனதோ இல்லையோ, மிளகு பலூன் மாதிரி ஊதினான். வாழ்நாளில் யாரும் அவனை அந்த இடத்தில் பிடித்ததில்லையே! கண்ணை உருட்டினான். மூச்சை இழுத்து உள்ளே வைத்துக்கொண்டான்.

ஒரு விரல் இடைவெளி.

றொய்சன் தங்கச்சியைப் பார்த்தான். கண்ணால் மட்டும் கெஞ்சினான்.

"சரி, அண்ணன் அவுட்," என்றது வேலியோரக் குரல். "நேர்மையான பிள்ளை!"

நேர்மையான பிள்ளை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. இப்படியே விட்டால் ஒருவரும் ஒன்றும் கதைக்கமாட்டார்கள். அண்ணனுக்குப் பரிசு கொடுத்தாள் என்று யாரும் சொல்லவே முடியாது.

ஆனால் மிளகின் நெஞ்சு உண்மையில் இவ்வளவு பெரிது இல்லை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அது ஸ்டெபனிக்குத் தெரிகிறது. தெரிந்தும் தெரியாத மாதிரி விட்டால்? மிளகு தன் அண்ணனின் நாய் என்பதற்காகத்தானே விடுகிறோம்? அதுவும் அநியாயம்தான்.

மிளகுக்கு மட்டும் இன்னொரு தரம் அளந்தால்? அது அதைவிட அநியாயம்.

அவள் நிமிர்ந்தாள். "எல்லா நாயையும் ஒருக்கா நடத்திக்கொண்டு வாருங்கள். மூச்சு ஆறட்டும். திரும்ப அளக்கப் போகிறேன். எல்லாரையும்."

"பாத்தீங்களோ, பாத்தீங்களோ!" அலெக்ஸாண்டர் அங்கிள் வேலியில் சாய்ந்தார். "பிள்ளை, அண்ணனுக்காகத்தானே உது?"

"ரொக்கெற்றையும்தான் அங்கிள் அளக்கப் போறன். வேண்டாமோ?"

"இல்லை, இல்லை... அளவுங்கோ, அளவுங்கோ!"

நாய்கள் ஒரு சுற்று நடந்து வந்தன. ஸ்டெபனி முதலிலிருந்து தொடங்கினாள். இப்போது லேஸைச் சுற்றிவிட்டு உடனே பார்க்கவில்லை. நாய் மூச்சு விடும்வரை காத்திருந்தாள். ஐந்து நாய்க்கும் அப்படியே காத்திருந்தாள்.

ரொக்கெற்றுக்கு அதே இரண்டு விரல்.

"லேஸ் சுருங்கிப்போச்சுது," என்றார் அங்கிள். இந்தத் தடவை அவரைச் சுற்றி நின்றவர்களே சிரித்தார்கள்.

மிளகு மறுபடியும் ஊதினான். ஸ்டெபனி காத்திருந்தாள். மிளகு அவளைப் பார்த்தான். அவள் மிளகைப் பார்த்தாள். எவ்வளவு நேரம்தான் ஒரு நாய் மூச்சைப் பிடிப்பது? 'புஸ்' என்று விட்டான். நுனி முடிச்சில் போய் முட்டியது.

றொய்சன் முழு மைதானத்துக்கும் கேட்கிற மாதிரி மூச்சு விட்டான். அவனும்தான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்!

கடைசியில் மிளகையும் டஸ்ற்றியையும் மட்டும் தனியே நிறுத்தினாள். எதிரே போய்க் குந்தியிருந்து முன்னங்கால்களைப் பார்த்தாள். நடக்கச் சொல்லிப் பார்த்தாள். திரும்பி வரச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஹானாவிடம் கேட்டாள்.

"காது எப்படிக் கிழிந்தது?"

"எங்கள் கொட்டிலுக்குக் கீழே ஒரு கிரவுண்ட்ஹொக். டஸ்ற்றி உள்ளே போனான். நாங்கள் பலகையைக் கழற்றும் வரைக்கும் விடவேயில்லை." ஹானா குரலைத் தாழ்த்தினாள். "காது இப்படி இருந்தால் புள்ளியைக் குறைப்பீர்களா? மறைக்கட்டுமா?"

"வேண்டாம். வேலை செய்து வந்த காயத்துக்குக் குறைக்கக்கூடாது. விதியில் இருக்கு."

பிள்ளை நடுவர் என்றாலும் காரணம் சொல்லவேண்டும். அதுதான் அங்கே வழக்கம். ஸ்டெபனி ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்தாள். லேஸ் இல்லாத சப்பாத்துக் கழன்றுவிடாமல் கால்விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முதலாவது டஸ்ற்றி. நெஞ்சு லேஸுக்குள் நன்றாக அடங்குது. முன்னங்கால் இரண்டும் நேராக நிற்குது. காதைப் பார்க்காமல் காலைப் பாருங்கள்.

"இரண்டாவது மிளகு. நெஞ்சு அடங்குது. பல் மிக நல்லது. நடை நல்லது. ஆனால் முன்பாதம் இரண்டும் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பி நிற்குது."

"அது அவன்ரை ஸ்டைல்!" என்று றொய்சன் கத்தினான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெபனி சிரிக்கவில்லை. மூன்றாவதாக ஊளையிடும் நாயைச் சொன்னாள். அது சந்தோஷத்தில் இன்னும் பலமாக ஊளையிட்டது.

"அங்கிள், ரொக்கெற் நல்ல பலமான நாய்," என்று பிறகு வேலியோரம் போய்ச் சொன்னாள். "வளைக்குள்ளை போகாது. அவ்வளவுதான்."

அலெக்ஸாண்டர் அங்கிள் மரியோவைப் பார்த்து, "அப்பவே சொன்னனான், சோறு போடாதை எண்டு," என்றார்.

"நீங்கள்தானே அப்பா போடுறனீங்கள்!"

றொய்சன் நீலத் துணிப்பூவை வாங்கினான். தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல் வாங்கினான். பார்க்காமலே போய்க் காரில் ஏறினான்.

வீட்டுக்குத் திரும்பினார்கள். பின் இருக்கையில் மிளகு நடுவில் இருந்தான். துணிப்பூ அவன் கழுத்துப் பட்டியில் தொங்கியது. ஸ்டெபனி ஒரு பக்க யன்னலைப் பார்த்தாள். றொய்சன் மறுபக்க யன்னலைப் பார்த்தான்.

"ஸ்பான் எண்டால் சாண் எண்டும் ஒரு கருத்து இருக்கு," என்றார் அப்பா.

மிளகு மட்டும் காதைத் தூக்கினான்.

சிறிது நேரத்தில் ஸ்டெபனி ஓரக்கண்ணால் பார்த்தாள். றொய்சன் மிளகின் முன்பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்திருந்தான். மெதுவாக நேரே திருப்பினான். விட்டதும் அது திரும்பவும் வெளியே போனது. மறுபடி திருப்பினான். மறுபடியும் போனது. ம்ம் என்று ஒரு சத்தம் அவன் தொண்டைக்குள் கேட்டது.

வெக்ஸ்போர்ட்டுக்கு வந்ததும் அப்பா, காரிலிருந்தே வாங்கக்கூடிய கோப்பிக் கடையின் யன்னலோரம் காரை நிறுத்தினார். கோப்பியும் இரண்டு ஹொட் சொக்லேற்றும் சொன்னார். மிளகு பின் யன்னலால் தலையை வெளியே நீட்டினான்.

யன்னலுக்குள் நின்ற அன்ரி எட்டிப் பார்த்தார். "ஐயோ, வடிவான நாய்! கழுத்திலை என்ன, பரிசோ? நீலமெண்டால்... செக்கண்டோ?"

"ஓம் அன்ரி," என்றான் றொய்சன்.

"இவனுக்குப் போய்ச் செக்கண்டோ? ஏன், ஜட்ஜ் நித்திரை கொண்டவரோ?"

ஸ்டெபனி இருக்கைக்குள் சற்றுக் கீழே இறங்கினாள். அப்பா இருமினார்.

றொய்சன் யன்னலை இன்னும் கீழே இறக்கினான். மிளகின் தலைக்கு மேலால் தன் தலையையும் வெளியே நீட்டினான்.

"ஜட்ஜ் என்ரை தங்கச்சி, அன்ரி. அவளிட்டைச் செக்கண்ட் எடுக்கிறது எவ்வளவு கஷ்டமெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"